இருபத்திரண்டாவது சத்தம்

எங்கள் குவாரியில் அதற்கு மருந்து என்றுதான் பெயர்.
மருந்து வந்தாச்சா, மருந்து நனைஞ்சிருச்சா
என்று கேட்டுக்கொள்வார்கள்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்
மலைக்குத்தான் காய்ச்சல் என்று நினைத்தேன்.

மருந்தறைப் பதிவேடு எழுதுவது நான்.
கதவுக்கு இரண்டு பூட்டு,
ஒரு சாவி என்னிடம், ஒன்று மேட் சூசைமாணிக்கத்திடம்.
செல்போன் வேப்பங்கிளையில் தொங்கும் மஞ்சள்பையில்.
தோட்டா எத்தனை, கேப்பு எத்தனை,
திரி எத்தனை மீட்டர்.
போனது. வெடித்தது. திரும்பியது.
நான்காவதாக ஒரு கட்டம் உண்டு,
வெடிக்காதது.
மூன்று வருடமாக அதில் கோடு மட்டும் கிழித்து வந்தேன்,
பழக்கத்தில்,
கோலத்தின் கடைசி இழையை இழுப்பதுபோல.

அந்த வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு குழி.
சங்கு மூன்று முறை ஊதியது.
கீழச்சிவல்பட்டி சாலையில் சிவப்புக் கொடிக்கு நின்ற மினிபஸ்
பாட்டை நிறுத்தியது.
ஒரு மயில் மட்டும்
எதற்கும் கட்டுப்படாமல் பாறை விளிம்பில் நடந்துபோனது.

பிறகு எண்ணத் தொடங்கினோம்.
ஒன்று வயிற்றில் கேட்கும்.
ஐந்து, ஆறு வரை விரல் போதும்.
அதற்குமேல் தூசி வந்து
எண்ணைத் தின்னப் பார்க்கும்,
எதிர்மலை வேறு
ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் குழப்பும்.

இருபத்திரண்டு என்றேன் நான்.
இருபத்தொன்று என்றார் சூசைமாணிக்கம்.
துளைபோடும் சோம்ரா, ஜார்கண்ட்காரன்,
இரண்டு கையையும் இரண்டு தடவை விரித்து
மூன்றாம் தடவை ஒரு விரலைக் காட்டி,
யோசித்து, அதையும் மடக்கிக்கொண்டான்.

"ரெண்டு ஒண்ணாப் போயிருக்கும்" என்றார் மேனேஜர்.
கீழே பதினோரு லாரி.
கிரஷர் வெறும் வயிற்றோடு இரைகிறது.
"உள்ள போப்பா சோம்ரா."

சோம்ரா தூக்குவாளியைத் திறந்தான்.
சாப்பிடவில்லை. மூடினான்.
சூசைமாணிக்கம் கொடிக்கம்பைக் குறுக்கே நட்டு
அதன்மேல் சாய்ந்து நின்றார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு அப்போதுதான் உமையாள் ஆச்சி ஞாபகம் வந்தது.
எங்கள்மேல் கோட்டாட்சியருக்கு மனு போட்டவர்.
முட்டைச்சாந்துச் சுவரில் விரிசல்,
விரிசலின்மேல் கண்ணாடித்துண்டு ஒட்டி,
கண்ணாடி உடைந்த தேதியோடு படம்.
இணைப்பாக ஒரு பள்ளிக்கூட நோட்டு,
ஒவ்வொரு வெடியும் மணிவாரியாக,
எத்தனை சத்தம், என்ன விழுந்தது.
மேனேஜர் அதைப் படித்துக் காட்டிச் சிரித்திருக்கிறார்.
நானும் சிரித்திருக்கிறேன்.

வேப்பமரத்துக்கு ஓடினேன்.
மனுவின் அடியில் இருந்த எண்
ஏனோ எனக்கு மனப்பாடம்.

"குவாரியிலருந்து பேசுறேன் ஆச்சி,
இன்னைக்கு எத்தனை?"

அந்தப் பக்கம் நோட்டு புரளும் சத்தம்.
"இருபத்தொண்ணு.
நீங்க முடிக்கலைன்னுதான்
பீங்கான் தட்டை இன்னும் அலமாரியில ஏத்தாம
தரையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."
கொஞ்சம் நிறுத்தி,
"ஆள் யாரும் கிட்டப் போயிரலயே?"

திரும்பி வந்து சொன்னேன்.
மேனேஜர் யாரையும் பார்க்காமல்
லாரிகளைப் போகச் சொல்லிக் கையசைத்தார்.

வெயில் தாழ்ந்து,
காத்திருக்க வேண்டிய நேரமும் அதற்கு மேலும் காத்திருந்து
சூசைமாணிக்கம் தனியாகப் போனார்.
பதினேழாவது குழி.
திரி பாதி கருகி, மீதி வெள்ளையாக,
எதையோ சொல்ல வந்து மறந்தவனைப் போல.

நான்காவது கட்டத்தில் ஒன்று என்று எழுதினேன்.
ஒன்று எழுத இவ்வளவு நேரமாகும் என்று தெரியாது.

மறுநாள் ஆச்சியிடம் நன்றி சொல்லப் பேசினேன்.
"எங்க முகப்புத் தூணு நாலும்
அந்தப் பாறைக்குக் கூடப்பிறந்ததுதான்" என்றார்,
"அதுக்காக மனுவ வாபஸ் வாங்கமாட்டேன்."

வாங்கவில்லை.
போன வாரம் விசாரணைக்குப் புதிய பக்கம் வந்திருக்கிறது.
வெள்ளிக்கிழமை, ஒன்று பத்து,
கிண்ணம் இரண்டு, விளக்குக் கண்ணாடி ஒன்று,
சத்தம் பதினெட்டு.

எங்கள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன்.
பதினெட்டு.